தறியின் கோலமும் கணினி மவுஸும்

(குமாரலிங்கபுரத்தில் நெசவாளர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கரிசல் சீமையில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது தறியே என்பதை உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரிப் பருத்தியும், நூலும், பாவும், அருப்புக்கோட்டைத் தெருக்களின் தறிச் சத்தமும் நம் எல்லோருக்கும் பழகியவை. இன்று இவ்வூரின் பெயரும் வெளியே நன்கு தெரிந்ததாகிவிட்டது. பி.எம். மித்ரா என்னும் பெரிய ஜவுளிப் பூங்காவை 1,052 ஏக்கர் பரப்பில் குமாரலிங்கபுரத்தில் அமைப்பதற்கான உடன்படிக்கை 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் சென்னையில் கையெழுத்தாயிற்று. அந்தப் பூங்காவைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் பலர் உளர். நாங்கள் பேச வந்த பொருளோ உள்ளங்கையில் அடங்கிவிடக் கூடியது. நூல்களில் அதனைச் சுட்டி என்று எழுதுகிறார்கள். கடையில் மவுஸ் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாமும் அவ்வாறே சொல்வோம்.

சேலையின் கரைக்கும் முந்திக்கும் கிராப் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். முன்பு கட்டம் போட்ட தாளில் பென்சில் பிடித்து வரைந்தோம். இப்பொழுது கணினியில் வரைகிறோம். இவ்வேலைக்கு எந்த மவுஸ் ஏற்றது, விசைப்பலகையில் எந்தெந்தக் குறுக்குவிசைகளை விரலுக்குப் பழக்கிக் கொள்ள வேண்டும் என்பதே இன்று எங்களிடம் கேட்கப்பட்டுள்ள கேள்வி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக் கூடும். எங்களுக்கு நேர்ந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிட்டால் அந்த ஐயம் நீங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நெசவாளர் வீட்டுத் தறிக்கு மாங்காய்க் கரை ஒன்று வரைய ஒப்புக்கொண்டோம். கணினியில் வரைவதற்கு அப்பொழுது நாங்கள் புதியவர்கள். கிம்ப் என்ற இலவச வரைமென்பொருளை எடுத்துக்கொண்டோம். பென்சில் வேண்டும் என்று எண்ணி, அச்சொல்லின் ஆங்கில முதலெழுத்தாகிய 'பி' விசையை அழுத்தினோம். திரையில் ஏதோ ஒரு கருவி வந்தது. அதுவே பென்சில் என்று நம்பி இரண்டு நாள் வரைந்தோம். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. கிராப் அச்சாகி, அட்டை குத்துபவரிடம் சென்று, 200 அட்டைகளும் குத்தப்பட்டுத் தறியில் ஏறின. ஒரு சாண் நெய்தவுடன் அந்தப் பெரியவர் தறியை நிறுத்திவிட்டு எங்களை அழைத்தார். மாங்காயின் விளிம்பு எலி கடித்தது போல இருந்தது.

நடந்தது இதுதான். அம்மென்பொருளில் 'பி' என்பது பென்சில் அன்று, தூரிகை. பென்சிலுக்குரிய விசை 'என்'. தூரிகை தன் கோட்டின் ஓரத்தை மென்மையாக்கிக் காட்டும். கறுப்புக் கட்டத்துக்கும் வெள்ளைக் கட்டத்துக்கும் இடையே சாம்பல் நிறக் கட்டங்களைத் தானாகவே தூவிவிடும். படத்துக்கு அது அழகு. தறிக்கு அது நஞ்சு. பாவு இழை ஒன்று எழும்ப வேண்டும், அல்லது படிந்திருக்க வேண்டும்; பாதி எழும்புதல் என்பது தறியில் இல்லை. சாம்பல் கட்டங்களில் சிலவற்றை அட்டை குத்துபவர் கறுப்பு என்று கொண்டார். சிலவற்றை வெள்ளை என்று விட்டார். அவர்மீது பிழை சொல்ல இயலாது.

மறுபடி வரைந்து, மறுபடி அட்டை குத்தி முடிய 9 நாள் ஆயிற்று. 9 நாளும் அந்தத் தறி நின்றது. அவ்வீட்டில் கூலி இல்லை. பெரியவர் கடிந்து பேசவில்லை. "தம்பி, நீங்க வரைஞ்சதைத்தானே அது நெய்யுது" என்று மட்டும் சொன்னார். அட்டைச் செலவை நாங்கள் கொடுத்துவிட்டோம். போன நாட்களை எங்களால் கொடுக்க முடியவில்லை. ஒரு விசையைத் தவறாக அறிந்திருந்ததன் விலை அது.

கிராப் என்பது யாது என்று அறியாத இளைஞர்கள் இங்கு சிலர் இருக்கக் கூடும். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் உள்ளன என்று கொள்வோம். கோலம் ஒருமுறை முடிந்து மீண்டும் தொடங்குவதற்கு 200 ஊடை இழைகள் ஆகின்றன என்று கொள்வோம். அப்படியானால் கிராப்பில் அகலவாட்டில் 240 கட்டங்கள், நீளவாட்டில் 200 கட்டங்கள். மொத்தம் 48,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டளை. நிரப்பிய கட்டத்தில் கொக்கி இழையைத் தூக்கும். வெற்றுக் கட்டத்தில் தூக்காது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய முறை இது. துளையிட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளையிடலாம் என்ற இந்த எண்ணத்தையே இங்கிலாந்தில் பாபேஜ் தமது கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள முனைந்தார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் துளை அட்டைகள் பயன்பட்டன. ஆகவே உறவுமுறை பார்த்தால் தறி கணினிக்குப் பாட்டன். பேரனிடம் வேலை வாங்குவதற்கு நமது நெசவாளர் கூச்சப்படத் தேவையில்லை.

இனி மவுஸுக்கு வருவோம்.

மவுஸ் பிறந்த கதையிலேயே நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அறிஞரின் எண்ணத்தின்படி 1964-இல் முதல் மவுஸ் செய்யப்பட்டது. அது மரத்தால் ஆன சிறு பெட்டி. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அவர் அதனைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அப்பொழுது அவரது வலக்கை மவுஸின்மீது இருந்தது. இடக்கை ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையின்மீது இருந்தது. வலக்கை இடத்தைக் காட்டும். இடக்கை செயலைச் சொல்லும். நாடாவை இழுக்கும் கையும் பலகையைத் தள்ளும் கையும் வெவ்வேறு வேலை செய்யும் தறியில் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆயினும் இன்று கணினியில் வரைவோரிற் பலர் இடக்கையை மடிமீது வைத்துக்கொண்டு, எல்லா வேலையையும் வலக்கை ஒன்றாலேயே செய்து, மாலையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

மவுஸ் வாங்கும்பொழுது முதலில் கையைப் பாருங்கள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் விரல்கள் நீட்டி வலியாமல், மடங்கிக் கூனாமல் பொத்தான்களின்மீது தாமாகப் படிய வேண்டும். மிகச் சிறிய மவுஸ் பையில் வைக்க எளிது. ஆனால் நாள் முழுவதும் அதனைக் கிள்ளிப் பிடித்திருந்தால் கட்டைவிரல் வலிக்கும். சிறிய கைகளுடைய பெண்மக்களுக்கு வீட்டு ஆடவர் தம் கைக்கு ஏற்றதை வாங்கி வந்து கொடுக்கிறார்கள். யார் வரையப் போகிறாரோ அவரே கடைக்குச் சென்று பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். செருப்பு வாங்குவது போலத்தான் இதுவும்.

வயர் உள்ளதா, இல்லாததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் ஒரே மேசையில் இருந்து வரைவோர்க்கு வயர் உள்ள மவுஸே போதும் என்பது எங்கள் கருத்து. விலை குறைவு, பேட்டரி தீர்ந்து பாதி வேலையில் நிற்காது. வயர் மேசை விளிம்பில் உரசி இழுத்தால் சிறிது தளர விட்டு ஓர் ஆணியில் மாட்டிவிடலாம்.

சக்கரத்தைக் கூர்ந்து நோக்குங்கள். வரைவோர்க்கு மவுஸில் மிகுதியாகப் பயன்படும் உறுப்பு அதுவே. விரலால் உருட்டும்பொழுது படிப்படியாக நின்று நின்று உருள வேண்டும். சக்கரத்தையே அழுத்தினால் அது மூன்றாவது பொத்தானாகவும் வேலை செய்யும். அதனை அழுத்திப் பிடித்து இழுத்தால் திரையில் கிராப் முழுவதும் நகரும். அழுத்துவதற்கு மிகவும் கடினமாக இருக்கும் சக்கரத்தை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் நடுவிரல் வலி எடுக்கும்.

டி.பி.ஐ. என்று ஓர் எண்ணைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் சுட்டுமுள் திரையில் எத்தனை புள்ளி நகரும் என்பதற்கு அது அடையாளம். 10,000-க்கு மேற்பட்ட எண்களைக் காட்டி விற்கிறார்கள். அவை விளையாட்டுப் பிள்ளைகளுக்கு. நமக்கு 800 முதல் 1,600 வரை தாராளம். கட்டம் கட்டமாக நிறுத்தி வைக்கும் வேலையில் வேகம் பகை. மேலும், கையை விரைந்து நகர்த்தினால் சுட்டுமுள் கூடுதலாகத் தாவும்படி செய்யும் ஏற்பாடு ஒன்று கணினியின் மவுஸ் அமைப்பில் இருக்கும். அதனை நீக்கிவிடுங்கள். கை எவ்வளவு நகர்ந்ததோ முள்ளும் அந்த அளவே நகர்ந்தால்தான் கைக்குக் கணக்குப் பிடிபடும்.

நெசவாளர் வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. அது பஞ்சுத் தூசி. பழங்காலத்து மவுஸின் அடியில் உருண்டை ஒன்று இருந்தது. அதில் பஞ்சு சுற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை நின்றுவிடும். இன்றைய மவுஸ் ஒளியால் இயங்குகிறது. எனினும் அடியிலுள்ள சிறு துளையில் ஓர் இழை சிக்கினால் முள் துள்ளத் தொடங்கும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். உலர்ந்த துணி நுனியால் துடைத்தால் போதும். பளபளப்பான கிரானைட் கல்லின்மீதும் கண்ணாடியின்மீதும் பல மவுஸ்கள் சரியாக இயங்குவதில்லை. இதற்கென்று தனியே பலகை வாங்க வேண்டியதில்லை. பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறம் நன்றாக உதவும். எங்கள் மேசையில் இருப்பது ஒரு மளிகைக் கடை நாட்காட்டி.

வாங்கிய மவுஸ் நாளடைவில் தேய்ந்து, ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்லத் தொடங்கும். கட்டம் நிரப்பும்பொழுது இது தெரியாது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நகர்த்தும்பொழுது கோலம் கலைந்து போகும். அந்த நிலை வந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாயைப் பார்த்தால் அட்டைச் செலவு காத்திருக்கும்.

சென்ற கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து, "பேனா வைத்து வரையும் பலகை விற்கிறார்களே அண்ணா, அது மேலானது இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கொடி, இலை, மயில் கழுத்து போன்ற வளைவுகளை முதன்முதலில் போடுவதற்குப் பேனாவே இனிது. ஆனால் கிராப் வேலையில் அந்தப் பகுதி சிறியது. எஞ்சிய நேரமெல்லாம் ஒவ்வொரு கட்டமாகத் திருத்துவதிலேயே செல்கிறது. பேனாவின் முனை கை நடுக்கத்தில் அடுத்த கட்டத்துக்குச் சாய்ந்துவிடும். மவுஸ் வைத்த இடத்தில் இருக்கும். காசு இருந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் என்றால் மவுஸ். மடிக்கணினியின் தொடுபரப்பில் விரலால் தடவி வரைய முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மீது கிடக்கின்றன. அவற்றுள் இன்னும் உயிரோடு உள்ளவற்றில் ஒரு மவுஸைச் செருகினால் கிராப் வேலைக்கு அது போதிய கருவியே. 48,000 கட்டம் கணினிக்கு ஒரு பாரமே அன்று.

நிற்க. விசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாளொன்றுக்கு 500 முறை கருவி மாற்ற நேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மவுஸைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோய்க் கருவியைத் தேடி எடுத்து, விட்ட கட்டத்துக்குத் திரும்பி வர 4 நொடி ஆனால், 2,000 நொடி போயிற்று. அரை மணி நேரத்துக்கும் அதிகம். அதைவிடப் பெரிய நட்டம், திரும்பி வரும்பொழுது எந்தக் கட்டத்தில் விட்டோம் என்பது மறந்துபோவது. இடக்கை ஒரு விசையைத் தட்டினால் வலக்கை இருந்த கட்டத்திலேயே இருக்கும். குறுக்குவிசையின் முதற்பயன் வேகம் அன்று, இடம் தவறாமையே என்று எங்கள் அனுபவத்தில் கண்டோம்.

கிம்ப் மென்பொருளில் எங்களுக்கு அன்றாடம் உதவுபவற்றைச் சொல்கிறோம். 'என்' பென்சில் என்பதை இனி நீங்கள் மறக்க மாட்டீர்கள், நாங்களும் மறக்கவில்லை. 'எக்ஸ்' விசை கையிலுள்ள இரு நிறங்களையும் இடம் மாற்றும். கறுப்பு வைத்தீர்கள், அது பிழை, 'எக்ஸ்' தட்டி வெள்ளை வையுங்கள். அழிப்பான் தேவையே இல்லை. அழிப்பானால் அழித்த இடம் சில வேளைகளில் வெள்ளையாகாமல் வெறும் ஓட்டையாக நின்று, பின்பு குழப்பம் தரும். பென்சில் கையில் இருக்கும்பொழுது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டத்தைத் தொட்டால் அக்கட்டத்தின் நிறம் கைக்கு வரும். மூன்று நான்கு நிற ஊடை போடும் முந்தி வேலையில் இது பேருதவி. ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு ஷிப்டை அழுத்திக்கொண்டு வேறொரு கட்டத்தைத் தொட்டால் இரண்டுக்கும் இடையே நேர்கோடு விழும். கோபுரக் கரையின் சரிவுகளை இவ்வாறே இழுக்கிறோம்.

எண் விசைகளில் '1' இயல்பான அளவு. '4' எட்டு மடங்கு. '5' பதினாறு மடங்கு. எட்டு மடங்கில் வரையுங்கள். அடிக்கடி '1' தட்டி முழுக் கோலத்தையும் பாருங்கள். அருகில் அழகாகத் தெரிந்த பூ தொலைவில் தவளை போல் தோன்றுவது உண்டு. இடையில் வேறு அளவு வேண்டுமானால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் வரும். கண்ட்ரோலும் இசட்டும் சேர்ந்தால் கடைசியாகச் செய்தது நீங்கும். கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்தால் வேலை சேமிக்கப்படும். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த விரல்கள் தாமாகவே அங்கே செல்லும்படி பழக்குங்கள்.

கோலம் இருபுறமும் ஒத்ததாயின் முழுவதையும் வரைய வேண்டியதில்லை. 48,000 கட்டத்தில் பாதி, அதாவது 24,000 கட்டம் வரைந்து, படியெடுத்து, ஷிப்டும் எஃப்பும் சேர்த்துத் தட்டித் திருப்பும் கருவியை எடுத்துப் புரட்டிவிடலாம். புரட்டிய பாதியை மவுஸால் இழுத்துப் பொருத்தாதீர்கள். 'எம்' தட்டி நகர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு அம்பு விசைகளைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கட்டம் நகரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 120 பத்தியை அப்படியே புரட்டி ஒட்டினால் நடுப்பத்தி இரட்டித்துவிடும்; பூவின் நடுத்தண்டு துணியில் தடித்துக் காணப்படும். தண்டு ஒற்றை இழையாக வேண்டுமானால் இருபுறமும் 119 பத்தியும் நடுவில் ஒன்றுமாக 239-இல் பூவை முடித்து, எஞ்சிய ஒரு பத்தியை வெறுமையாக விட்டு 240-ஐ நிரப்புங்கள். பழைய கிராப் ஆசிரியர்கள் தாளில் இதைத்தான் செய்தார்கள். கணினி இதைத் தானாக அறியாது.

கடைசியாக ஊடை நீளமாக மிதக்கும் இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். பாவில் பிடிபடாமல் பல இழைகளைத் தாண்டி ஊடை மிதந்தால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி அறும். அத்தகைய இடங்களில் ஒற்றைக் கட்டமாகப் புள்ளி வைத்துப் பிணைக்கிறோம். எந்த மென்பொருளாயினும் இந்த வேலைக்கு நெசவு அறிந்த கண் வேண்டும். நெசவுக்கென்றே இந்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கழகம் டிஜிபுனாய் என்ற மென்பொருளை வெளியிட்டுள்ளது. அதனையும் பயின்று பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் விசைகள் மாறும்; ஒன்றில் பழகிய விசை மற்றொன்றிலும் அதே வேலையைச் செய்யும் என்று நம்பினால் எங்கள் மாங்காய்க் கரையின் கதை மீளும். புதிய மென்பொருளில் முதல் நாள் ஒரு வெற்றுத் தாளில் விசைகளை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலையைத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

தமிழில் தட்டச்சு செய்வோர்க்கு ஒரு குறிப்பு. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டுவிட்டு, 1999-இல் வந்த தமிழ்99 முறையிலேயே விசைப்பலகையை விட்டுவிட்டால், 'என்' தட்டினாலும் பென்சில் வராமற் போகலாம். கணினி பழுது என்று எண்ணி ஒரு தம்பி அதனை அருப்புக்கோட்டைக்குத் தூக்கிச் சென்று வந்தார். ஆங்கில முறைக்கு மாற்றினால் தீரும்.

இடக்கைப் பழக்கம் உள்ளோர் வலக்கைக்கென்று வளைத்துச் செய்த மவுஸை வாங்க வேண்டாம். இருபுறமும் ஒத்த வடிவுடையதை வாங்கிப் பொத்தான்களை இடம் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். கிம்ப் மென்பொருளில் விசைகளையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ள இயலும். அவற்றை வலப்பக்க எழுத்துகளுக்கு மாற்றிக் கொண்டால், அவர்களது வலக்கை அங்கே அமரும்.

மேசையின் உயரத்தையும் பாருங்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு வேலை செய்து பழகியவர்கள் தரையில் மடிக்கணினியை வைத்துக் குனிந்து வரைகிறார்கள். தோள் ஏற்கெனவே பலகை தள்ளி ஓய்ந்தது. கழுத்தையும் சேர்த்து ஓய்க்க வேண்டாம். முழங்கை மடங்கும் உயரத்தில் மவுஸ் இருக்கட்டும். முன்கை மேசைமீது படிந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து வாருங்கள்.

இங்கே மேசைமீது நான்கு வகை மவுஸ்களும் இரண்டு மடிக்கணினிகளும் வைத்திருக்கிறோம். அந்தப் பழைய மாங்காய்க் கரையின் கிராப்பும், பிழையாக நெய்த ஒரு சாண் துணியும் அருகிலேயே உள்ளன. பெரியவர் அத்துணியைத் தாமே வெட்டி எங்களுக்குக் கொடுத்துவிட்டார். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் மவுஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு அந்தக் கிராப்பைத் திரையில் எட்டு மடங்காக விரித்துத் தருகிறோம். சாம்பல் கட்டங்கள் எங்கெங்கு உள்ளன என்று கண்டு, கறுப்பாக்க வேண்டியதைக் கறுப்பாகவும் வெள்ளையாக்க வேண்டியதை வெள்ளையாகவும் நீங்களே திருத்துங்கள். நான்கு மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்று சொன்னார்கள். அதற்குள் பாதிக் கரையாவது முடியும்.